குற்றச்சதி எது, சதிக்கதை எது? கொடைக்கானல் மலையின் மூன்று வழக்குகள் வழியே ஒரு வாசிப்பு

பழனி மலைத்தொடரின் மேல் அமைந்த கொடைக்கானல் பெரும்பாலோருக்கு ஒரு கோடை வாழிடம் மட்டுமே. ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் குறைந்தது மூன்று முறை, ‘பயங்கரவாதம்’, ‘அந்நிய நாட்டுச் சதி’, ‘தேச விரோதம்’ ஆகிய சொற்களோடு சேர்த்து இம்மலையின் பெயர் அச்சேறியிருக்கிறது. 1965-இல் காஷ்மீரத் தலைவர் ஷேக் அப்துல்லா இங்கே சிறைவைக்கப்பட்டார். 2008-இல் வடகவுஞ்சி வனப்பகுதியில் மாவோயிஸ்ட் எனக் கூறப்பட்டவர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2016-இல் வட்டக்கானலுக்கு வரும் இஸ்ரேலியப் பயணிகளைத் தாக்கத் திட்டமிட்டதாகத் தேசியப் புலனாய்வு முகமை சிலரைக் கைது செய்தது.

மூன்றும் சதி பற்றிய செய்திகளே. ஆயினும் மூன்றின் சான்று நிலையும் வெவ்வேறு. முதலாவது குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் இறுதிவரை சோதிக்கப்படவில்லை. இரண்டாவதில் எதிர்த்தரப்பு உயிரோடு இல்லை. மூன்றாவது முழு விசாரணையைக் கடந்து தீர்ப்பானது. இந்த வேறுபாட்டைக் காணக் கற்பது நமக்கு ஏட்டுக் கல்வி அன்று. நில உரிமை கேட்கும் தலித்துகளும் வன உரிமை கேட்கும் பழங்குடிகளும் ‘நகர்ப்புற நக்சல்’, ‘அந்நியக் கைக்கூலி’ என்று முத்திரை குத்தப்படும் காலம் இது. அதே வேளையில், எந்தக் குண்டுவெடிப்புச் செய்தி வந்தாலும் ‘எல்லாம் உளவுத்துறை நாடகம்’ என்னும் வாட்ஸ்அப் செய்தி நம் தோழர்களிடையேயும் ஒரு மணி நேரத்தில் பரவிவிடுகிறது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சட்டம் ‘சதி’ என்று எதைச் சொல்கிறது?

சதி என்பது கற்பனை அன்று. சட்டம் வரையறுத்த குற்றம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோர் சட்டவிரோதமான செயலொன்றைச் செய்ய உடன்படுவதே குற்றச்சதி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 120-ஏ பிரிவு இதை வரையறுத்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 61-ஆம் பிரிவில் அது இடம்பெற்றுள்ளது. சதி மறைவில் நடப்பது என்பதால் நேரடிச் சாட்சி கிடைப்பது அரிது என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. சூழ்நிலைச் சான்றுகளிலிருந்து உடன்பாட்டை உய்த்துணரலாம். ஆனால் அந்தச் சூழ்நிலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஒருவர் சொன்னதையோ செய்ததையோ மற்றொருவருக்கு எதிராகப் பயன்படுத்துவதற்கு முன், அவ்விருவரும் சதியில் கூட்டாளிகள் என நம்புவதற்கு நியாயமான காரணம் காட்டப்பட வேண்டும்.

சதிக்கதை இதற்கு நேர்மாறாக இயங்குகிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, சான்று இல்லாமையே அதற்குச் சான்றாகிவிடுகிறது. ‘ஆதாரம் கிடைக்கவில்லை என்றால் அவ்வளவு திறமையாக மறைத்திருக்கிறார்கள்’ என்பது அதன் வாதம். இரண்டாவது, ஒரு நிகழ்வால் யாருக்கு ஆதாயமோ அவரே அதைச் செய்தார் என்று முடிவுகட்டுகிறது. மூன்றாவது, எந்த உண்மை வெளிவந்தாலும் அது பொய்யாகாத வகையில் தன்னை மாற்றிக்கொள்கிறது. இந்த அடையாளங்களைத் தெருவோரப் பேச்சில் மட்டும் தேடக்கூடாது. அரசின் பத்திரிகைச் செய்தியிலும் குற்றப்பத்திரிகையிலும்கூட இவை காணப்படலாம்.

கோஹினூர் பங்களா: சோதிக்கப்படாத குற்றச்சாட்டு

ஜம்மு காஷ்மீரின் பிரதமராக இருந்த ஷேக் அப்துல்லா 1953 ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டார். 1958-இல் அவர் மீதும் பிறர் மீதும் ‘காஷ்மீர் சதி வழக்கு’ தொடரப்பட்டது. பாகிஸ்தானோடு சேர்ந்து அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நடந்த அவ்வழக்கு 1964 ஏப்ரலில் தீர்ப்பு எதுவுமின்றித் திரும்பப் பெறப்பட்டது.

மறு ஆண்டு அவர் ஹஜ் பயணத்தின்போது வெளிநாடுகளுக்குச் சென்றார். அல்ஜியர்ஸ் நகரில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். 1962 போர் முடிந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகாத நிலையில் அச்சந்திப்பு தில்லியில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. 1965 மே மாதம் நாடு திரும்பிய உடனே அவர் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்க் கைதானார். முதலில் உதகையிலும் பின்னர் கொடைக்கானல் கோஹினூர் பங்களாவிலும் வைக்கப்பட்டார். 1968 ஜனவரியில்தான் முழு விடுதலை கிடைத்தது. 1975-இல் இந்திரா காந்தியோடு செய்த உடன்பாட்டின்பேரில் அவரே மீண்டும் மாநில முதலமைச்சரானார்.

இதில் உண்மை எது, கூற்று எது? சந்திப்பு நடந்தது உண்மை; அது மறைவாக நடக்கவில்லை. அச்சந்திப்பு தேசத் துரோகம் என்பது கூற்று. தடுப்புக் காவலில் குற்றப்பத்திரிகையோ சாட்சியோ குறுக்கு விசாரணையோ இல்லை என்பதால் அக்கூற்று சோதனைக்கே வரவில்லை. ஒருவரைச் சிறைவைத்த காலத்தின் நீளத்தை அவர் குற்றத்தின் சான்றாகக் கொள்ள முடியாது. அயலுறவுக் கொள்கையில் அரசோடு மாறுபடுவது ஒன்று, அந்நிய அரசின் கருவியாகச் செயல்படுவது வேறொன்று. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே என்பதை நிர்வாகமே தனியாக முடிவுசெய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோஹினூர் பங்களா ஓர் எடுத்துக்காட்டு.

வடகவுஞ்சி: ஒரு தரப்பு மட்டுமே பேசும் நிகழ்வு

2008 ஏப்ரல் 19 அன்று கொடைக்கானல் வட்டம் வடகவுஞ்சி அருகே வனப்பகுதியில் நவீன் பிரசாத் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மாவோயிஸ்ட் அமைப்பின் முக்கிய உறுப்பினர் என்றும் துப்பாக்கிச் சண்டையில் இறந்தார் என்றும் காவல்துறை அறிவித்தது.

‘மோதல்’ செய்திகளை வாசிப்பதில் ஒரு சட்ட அடிப்படை உண்டு. ஒருவர் இறந்தார் என்பதும் எவருடைய குண்டால் இறந்தார் என்பதும் காவல்துறையே ஒப்புக்கொள்ளும் செய்திகள். முதலில் சுட்டது யார், சரணடைய வாய்ப்பளிக்கப்பட்டதா, குண்டு எவ்வளவு தொலைவிலிருந்து எந்தத் திசையில் பாய்ந்தது என்பவை விசாரணையால் மட்டுமே தெரியவேண்டியவை. இதற்காகவே தேசிய மனித உரிமை ஆணையம் 1997-இல் நெறிமுறைகளை வகுத்தது. பியூசிஎல் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 கட்டளைகளைப் பிறப்பித்தது. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும். மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறையோ வேறொரு காவல் நிலையத்தின் குழுவோ விசாரிக்க வேண்டும். குற்றவியல் நடுவர் விசாரணை கட்டாயம். ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகும்வரை சுட்டவர்களுக்கு முறை மீறிய பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது.

இறந்தவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்ற கேள்வியும், கொலை சட்டப்படி நியாயமானதா என்ற கேள்வியும் தனித்தனியானவை. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைத்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கும். அதேபோல, ‘மோதல் கொலைகள் பல போலியானவை, ஆகவே இதுவும் போலி’ என்று நாம் தொடங்கிவிட்டால், பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் தடயவியல் அறிக்கையையும் கேட்டுப் பெறும் கடினமான வேலையை நாமே கைவிட்டவர்கள் ஆகிறோம்.

வட்டக்கானல்: தீர்ப்பு வரை சென்ற சதி

கொடைக்கானல் நகரத்தை ஒட்டிய வட்டக்கானல், இராணுவப் பணி முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் நீண்ட நாள் தங்கும் சிற்றூராக அறியப்பட்டது. 2016 அக்டோபர் 2 அன்று கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் கனகமலையில் கூடியிருந்தவர்களைத் தேசியப் புலனாய்வு முகமை பிடித்தது. ஐஎஸ் அமைப்பின் கொள்கையை ஏற்று, டெலிகிராம் குழு வழியாகத் திட்டமிட்டு, வட்டக்கானலுக்கு வரும் யூதப் பயணிகள் உள்ளிட்டோரைத் தாக்க எண்ணினர் என்பது குற்றச்சாட்டு.

அன்றைய செய்திகளுக்கு இரண்டு வகையான எதிர்வினைகள் உண்டாயின. ஒரு தரப்பு கைதானவர் அனைவரையும் ‘பயங்கரவாதிகள்’ என்றே எழுதியது. மறு தரப்பு இதுவும் முஸ்லிம்களைக் குறிவைக்கும் புனைவு என்றது. 2019 நவம்பரில் எர்ணாகுளம் சிறப்பு நீதிமன்றம் அறுவரைக் குற்றவாளிகள் எனக் கண்டது, ஒருவரை விடுவித்தது. தண்டனை 3 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. விசாரணை நீதிமன்றத்தின் சோதனையில் இரு தரப்பின் கூற்றும் முழுமையாக நிற்கவில்லை. சதி புனைவு என்றது தவறாயிற்று. எல்லோரும் சதிகாரர்கள் என்றதும் ஒருவர் அளவில் தவறாயிற்று. அந்த ஒருவருக்கு விடுதலைத் தீர்ப்பு மூன்று ஆண்டுகள் கழித்தே வந்தது.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் நாம் சொல்லியாக வேண்டும். பாலஸ்தீனம் குறித்த இஸ்ரேலிய அரசின் கொள்கையை எதிர்ப்பது அரசியல் நிலைப்பாடு. அதற்காக வட்டக்கானல் விடுதியில் தங்கும் ஓர் இளைஞரை அந்த அரசாகவே காண்பது வெறுப்பு. கேரளத்தில் சிலர் கைதானதற்காகக் கொடைக்கானல் கடைத்தெருவின் முஸ்லிம் வணிகரை ஐயுறுவதும் அதே வெறுப்புதான். பிறப்பை வைத்து ஒருவர் மீது குற்றம் சுமத்தும் பழக்கத்தை மற்ற எவரையும்விட நாம் நன்கு அறிவோம்.

பேட்டரியும் வரைபடமும்

பெரும் வழக்குகளில்கூட உண்மையும் புனைவும் ஒரே கோப்புக்குள் கலந்திருக்கும் என்பதற்கு இரண்டு பொருள்கள் போதும்.

ஒன்று, ஒரு வரைபடம். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டனர். பாகிஸ்தானில் தீட்டப்பட்ட சதி அது என்பது கசாப் வழக்கில் மூன்று நீதிமன்றங்களிலும் மெய்ப்பிக்கப்பட்டது; அமெரிக்க நீதிமன்றத்தில் டேவிட் ஹெட்லி அளித்த ஒப்புதலும் அதை உறுதிசெய்தது. ஆனால் அதே வழக்கில், தாக்குதலுக்கு வரைபடம் தந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இந்திய முஸ்லிம்கள் இருவரை மூன்று நீதிமன்றங்களும் விடுவித்தன. இறந்த தாக்குதலாளியின் உடை குருதியில் தோய்ந்திருக்க, அவன் சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ இருந்ததாகச் சொல்லப்பட்ட வரைபடம் மட்டும் கறைபடாமல் இருந்தது. ‘தாக்குதலே இந்துத்துவ அமைப்புகளின் நாடகம்’ என்று நூல் எழுதியவர்களும், இவ்விருவரைத் துரோகிகள் என்றவர்களும் அந்தத் தீர்ப்பைப் படித்தவர்களாகத் தெரியவில்லை.

மற்றொன்று, ஒரு பேட்டரி. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. அக்கொலை தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் அல்ல என்றும் கூறியது. ஆயினும் தடாவின் கீழ்க் காவல் அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலங்கள் சான்றாக நீடித்தன. பேட்டரி எதற்காக என்பது தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே 2013-இல் கூறினார். 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். இடையில், ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையில் இருந்த ஐயங்களை முன்வைத்து 1997 நவம்பரில் குஜ்ரால் அரசே கவிழ்ந்தது. அந்த ஐயங்களின்பேரில் திமுக தலைவர் எவர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. கொலைச் சதி உண்மை. அதைச் சுற்றி வளர்க்கப்பட்டவற்றில் பல, சான்றின் எடையைத் தாங்கவில்லை.

அரசின் சதிக்கதைக்கு விலை கொடுப்பவர்கள்

சாதாரணக் குற்ற வழக்கில் பொய்க்கதை நீதிமன்றத்தில் உடைந்துபோகும். ஊபா வழக்கில் அது உடையும்வரை குற்றஞ்சாட்டப்பட்டவர் சிறையில் இருக்க வேண்டும். மும்பைத் தாக்குதலுக்குப்பின் 2008 டிசம்பரில் சேர்க்கப்பட்ட 43-டி(5) பிரிவின்படி, குற்றச்சாட்டு முதல்நோக்கில் உண்மை எனத் தோன்றினாலே பிணை மறுக்கப்படும். 2018 முதல் 2020 வரை ஊபாவின் கீழ் 4,690 பேர் கைதானதாகவும் 149 பேர் தண்டனை பெற்றதாகவும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. கைதானவரும் தண்டனை பெற்றவரும் ஒரே வழக்குகளைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. எனினும் இரண்டு எண்களுக்கும் இடையிலான தொலைவு பொருளற்றது அன்று.

பீமா கோரேகான் வழக்கு இதன் முழு வடிவம். 2018 ஜனவரி 1 அன்று தலித் மக்கள் கூடிய நினைவு நாளில் நடந்த வன்முறை, சில மாதங்களில் பிரதமரைக் கொல்லும் மாவோயிஸ்ட் சதியாக உருமாற்றப்பட்டது. கணினியில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்களைக் காவல்துறை பத்திரிகையாளர் கூட்டத்தில் வாசித்துக் காட்டியது. 2018 செப்டம்பரில் நீதிபதி சந்திரசூட் தம் மாறுபட்ட தீர்ப்பில் அதைக் கண்டித்தார். ஆனந்த் டெல்டும்டே 2020-இல் அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளில் சரணடைந்தார். அவர் பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டதற்கு முதல்நோக்கில்கூடச் சான்று இல்லை என்று மும்பை உயர் நீதிமன்றம் 2022 நவம்பரில் பிணை வழங்கியது. தமிழ்நாட்டில் பிறந்த ஸ்டான் சுவாமி 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், காவலில் இருக்கும்போதே இறந்தார்.

கணினிகளில் தீநிரல் வழியே கோப்புகள் திணிக்கப்பட்டன என அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் அறிக்கைகள் தந்துள்ளது. புலனாய்வு முகமை அவற்றை மறுக்கிறது. அவ்வறிக்கைகளை நாம் வலுவானவை எனக் கருதுகிறோம். ஆயினும் ‘நிரூபிக்கப்பட்டுவிட்டது’ என்று எழுதுவது சரியன்று. அவை விசாரணையில் சோதிக்கப்பட வேண்டிய நிபுணர் சான்று. அச்சோதனையை விரைந்து நடத்து என்பதே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

நம் அளவுகோலுக்கு வந்த சோதனை

2025 ஜூலையில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. 21-ஆம் நாள், 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட முஸ்லிம்கள் 12 பேரையும் மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 31-ஆம் நாள், 2008 மாலேகான் குண்டுவெடிப்பு வழக்கில் பிரக்யா சிங் தாக்கூர் உள்ளிட்ட எழுவரையும் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. நம் வட்டங்களில் முதல் தீர்ப்பு நீதியின் வெற்றி எனப்பட்டது; இரண்டாவது அரசின் சதி எனப்பட்டது.

இரண்டையும் நாம் ஒரே முறையில்தான் வாசிக்க வேண்டும். எந்தச் சான்று தள்ளப்பட்டது, ஏன் தள்ளப்பட்டது, எந்தச் சாட்சி பிறழ்ந்தார், வழக்கைப் புலனாய்வு செய்தவர்கள் எங்கே தவறினர்? மாலேகானில் பிறழ்சாட்சிகள் பலர் என்பது தக்க ஐயம். அதை மேல்முறையீட்டில் எழுப்பலாம். ஆனால் ஐயம் சான்றுக்கு ஈடாகாது என்ற கோட்பாடு ரயில் வழக்கின் 12 பேரைக் காத்தது என்றால், நமக்குப் பிடிக்காதவரையும் அது காக்கும். அந்தக் கோட்பாட்டை நாம் ஒருமுறை விட்டுக்கொடுத்தால், அடுத்து அது இல்லாமல் நிற்கப்போவது சேரியிலிருந்து கைது செய்யப்படும் ஓர் இளைஞர்தான்.

வாசிப்பதற்கு ஐந்து கேள்விகள்

பயங்கரவாதம் அல்லது அந்நியச் சதி பற்றிய எந்தச் செய்தியையும் பகிர்வதற்கு முன் கேட்க வேண்டியவை இவை.

1. இச்செய்தி எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது? காவல்துறை அறிக்கை, முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, பிணை ஆணை, தீர்ப்பு, மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஆகியவற்றின் எடை ஒன்றல்ல. பிணை மறுப்பு குற்றத்தீர்ப்பு ஆகாது. பிணை வழங்கல் விடுதலையும் ஆகாது.

2. கூற்றின் மூலம் யார்? ‘வட்டாரங்கள் தெரிவித்தன’ என்பதற்குப் பின்னால் பெயரோ ஆவணமோ உண்டா?

3. சான்று ஒப்புதல் வாக்குமூலமா, பொருட்சான்றா? காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் ஊபா வழக்கிலும் சான்றாகாது. மின்னணுச் சான்று என்றால் கைப்பற்றிய அன்றே அதன் ஹாஷ் மதிப்பு பதியப்பட்டதா?

4. ஆள் ஆளாகப் பிரித்துப் பார்த்தோமா? சதி மெய்ப்பிக்கப்பட்டது என்பதால் குற்றஞ்சாட்டப்பட்ட ஒவ்வொருவரும் அதில் பங்கேற்றார் என்று ஆகாது.

5. எந்தச் செய்தி வெளிவந்தால் நாம் நம் கருத்தை மாற்றிக்கொள்வோம்? இதற்கு விடை இல்லையென்றால் நாம் பற்றியிருப்பது சதிக்கதை.

தீர்ப்புகள் பலவும் இ-கோர்ட்ஸ் தளத்திலும் உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்றத் தளங்களிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கல்லூரி வாசிப்பு வட்டமும் ஒரு பயங்கரவாத வழக்கைத் தேர்ந்தெடுத்து, கைது நாளின் நாளிதழ்ச் செய்தியையும் இறுதித் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். திண்டுக்கல், தேனி மாவட்டத் தோழர்கள் இங்கே சொன்ன மலை வழக்குகளிலிருந்தே தொடங்கலாம். நம் மக்கள் மீது நாளை ஒரு சதி வழக்கு போடப்படும்போது, கோப்பைப் படிக்கத் தெரிந்த பத்துப் பேர் ஊரில் இருப்பது பெரும் துணையாக இருக்கும்.